ஒற்றை யானை தனி யானை இல்லை

பேப்பர்ல அடிக்கடி கண்ணுல படுற தலைப்பு: 'ஒற்றை யானை அட்டகாசம்'. கொஞ்ச நாள்ல அந்த யானைக்கு ஜனங்க ஒரு பேர் வச்சிடுவாங்க. அப்புறம் 'பிடிக்கக் கோரி சாலை மறியல்'. அப்புறம் கும்கி, மயக்க ஊசி, கிரேன், லாரி, டிவியில நேரலை. கடைசியா 'அடர்ந்த வனத்தில் விடப்பட்டது'. சுபம் போட்டாச்சு. நாமளும் சேனலை மாத்திடுவோம்.

இதுல எனக்கு உறுத்துற வார்த்தை 'அட்டகாசம்' இல்லீங்க. அதுக்கு முன்னாடி இருக்கே, 'ஒற்றை', அதுதான்.

அந்த ஒரு வார்த்தைக்குள்ள ஒரு பெரிய நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு. பெண் யானைகள் பாட்டி, அம்மா, பேத்தின்னு குடும்பமா வாழும். ஆண் குட்டி வயசுக்கு வந்ததும் கூட்டத்தை விட்டு வெளியே போயிடும். அப்புறம் அது யாருக்கும் சொந்தமில்லாத, யாருக்கும் அடங்காத நாடோடி முரடன். அப்படிப்பட்ட ஒண்ணை இங்கிருந்து தூக்கி அங்க போட்டா காட்டுக்கு என்ன நஷ்டம்? இதுதான் நம்பிக்கை.

முதல் பாதி சரி. ஆண் யானை பத்திலிருந்து பதினைந்து வயசுக்குள்ள தாய்க்கூட்டத்தை விட்டுப் போகுது, உண்மை. இரண்டாவது பாதி சரியில்லை. ஆண் யானைகளுக்குள்ளயும் ஒரு ஊர் உண்டு. யார் யாருக்கு வழிவிடணும்னு ஒரு வரிசை உண்டு. எத்தனையோ சண்டை நடக்காமலே போறது அந்த வரிசையாலதான். நாம லாரியில ஏத்துறது ஒரு யானையை மட்டும் இல்ல, அந்த வரிசையில ஒரு படியையும் சேர்த்துத்தான். இதுதான் இந்தப் பதிவோட ஒருவரிச் சுருக்கம். அவசரமா ஆபீஸ்ல இருந்து படிக்கிறவங்க இதோட கிளம்பலாம் :-) மத்தவங்க உட்காருங்க, கொஞ்சம் நீளம்.

மனை பிடிக்கிற மான்

யானைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு மானைப் பார்த்துட்டுப் போயிடுவோம். 'ஆண் விலங்கு', 'போட்டி', 'அந்தஸ்து'ன்னு சொன்னதும் நம்ம மனசுல வர்ற படம் பெரும்பாலும் இந்த மான் மாதிரி விலங்குகளோட படம்தான்.

வெளிமான். கறுத்த முதுகு, முறுக்கின கொம்பு. கிண்டியில பார்த்திருப்பீங்க. கோடியக்கரை சரணாலயத்தை 1967-ல அறிவிச்சதே முக்கியமா இந்த மானுக்காகத்தான். இதுல வளர்ந்த ஆண் ஒரு துண்டு நிலத்தைப் பிடிச்சுக்கும். ஒரே இடத்துல திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டுக் குவியல் சேர்க்கும். கண்ணுக்குக் கீழ இருக்கிற சுரப்பியைப் புல்லுலயும் குச்சியிலயும் தேய்ச்சு வைக்கும். நம்ம பாஷையில சொன்னா, கல்லு நட்டு வேலி போடுறது.

குஜராத்துல வேளாவதர்னு ஒரு புல்வெளி இருக்கு. சீசன்ல அங்க ஆண்மான்கள் பக்கத்துல பக்கத்துல சின்னச் சின்ன மனையா பிரிச்சுக்கிட்டு நிக்கும். நம்ம ஊர் ரியல் எஸ்டேட் லேஅவுட் கணக்கா. பெண்மான்கள் வரும், பார்க்கும், போகும். நடுவுல மனை வச்சிருக்கிற ஒரு சில பேருக்குத்தான் பெரும்பாலான ஜோடி அமையும். ஓரத்து மனைக்காரன் நிக்கிறான், நிக்கிறான், நின்னுக்கிட்டே இருக்கான்... அவ்வளவுதான் அவன் கதை.

இங்க நிலமும் அந்தஸ்தும் ஒண்ணு. நடு மனையை இழந்தா பதவியும் போச்சு. அதனால சண்டையும் கண்கூடா நடக்கும். கொம்போட கொம்பு கோத்து, தள்ளுமுள்ளு, துரத்தல் எல்லாம் உண்டு.

யானை ஏன் மனை வாங்குறதில்லை

இந்தக் கணக்கு யானைக்கு ஒத்து வராது. ஏன்னு பார்ப்போம்.

பெண் யானைக்குச் சினைப்பருவம் சுமார் மூன்றரை, நாலு மாசத்துக்கு ஒரு தடவை. அதுலயும் ஆணை ஏத்துக்கிறது சில நாள் மட்டும்தான். சினையாயிட்டா 20-லிருந்து 22 மாசம். குட்டி பிறந்து பால்குடி காலம் முடிஞ்சு அடுத்த சினைக்கு வர இன்னும் ரெண்டு மூணு வருஷம். ஆக ஒரு பெண் யானை நாலஞ்சு வருஷத்துல விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்கள்தான் தயாரா இருக்கும். அந்த நாட்கள்ல அது எந்த மலையில, எந்த ஆத்தோரத்துல இருக்கும்னு யாருக்குத் தெரியும்? ஒரு கூட்டம் சுத்துற பரப்பே நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர்.

இந்த நிலைமையில ஒரு ஆண் யானை ஒரு இடத்தைப் பிடிச்சு, வேலி போட்டு, 'வா வா'ன்னு காத்திருந்தா என்ன ஆகும்? வேளாவதர் ஓரத்து மனைக்காரன் கதிதான். அதனால யானை நிலத்தைப் பிடிக்கிறதில்லை. நடக்குது, தேடுது. ஒரு ஆணோட பாதையும் இன்னொரு ஆணோட பாதையும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துதான் கிடக்கும். ஒரே குட்டையில நாலு ஆண் தண்ணி குடிக்கும்.

அப்போ கேள்வி: வேலியே இல்லாத இடத்துல நாலஞ்சு டன் எடையுள்ள ஆட்கள் தினமும் எதிரும் புதிருமா சந்திச்சுக்கிட்டா, தினமும் ரத்தக்களறி ஆகணுமே? ஆகறதில்லையே, ஏன்?

இங்கதான் வரிசை வருது.

வயசுக்கு மரியாதை

பெண் யானை வளர்ந்து நின்ன பிறகும் ஆண் யானை பல வருஷம் வளர்ந்துக்கிட்டே போகும். அதனால பெரிய உடம்புன்னா பெரும்பாலும் பெரிய வயசு. சின்ன வயசுலயே தள்ளி விளையாடி, தும்பிக்கையைப் பிணைச்சு, நெத்தியோட நெத்தி முட்டி, யார் பெரியவன்னு அளந்து வச்சுக்குதுங்க. அந்த அளவு ஞாபகத்துல இருக்கும். அப்புறம் நேருக்கு நேர் சந்திக்கும்போது சின்னது ஒதுங்கிடும். முடிஞ்சது விஷயம்.

நமீபியாவுல எட்டோஷா பூங்கான்னு ஒரு வறண்ட பூமி. அங்க ஒரு நீர்க்குட்டைக்கு வர்ற ஆண் யானைகளைக் கெய்ட்லின் ஓ'கானெல் பல வருஷம் உட்கார்ந்து பார்த்திருக்காங்க. நல்ல தண்ணி இருக்கிற இடத்துல யார் முதல்ல நிக்கிறது, யார் பின்னாடி காத்திருக்கிறதுன்னு தெளிவான வரிசை இருக்கு. சின்ன ஆண் பெரிய ஆண்கிட்ட வந்து, தும்பிக்கை நுனியை அதோட வாய்க்குள்ள வைக்கும். அது ஒரு வணக்கம். நம்ம ஊர்ல பெரியவர் முன்னாடி துண்டை இடுப்புல கட்டின காலம் ஞாபகம் வருதா? (யானை அதை யாரும் கட்டாயப்படுத்தாமலே செய்யுது, அந்த வித்தியாசம் பெருசு.)

இன்னொரு விஷயமும் அங்க தெரிஞ்சது. தண்ணி தட்டுப்பாடான வருஷங்கள்ல வரிசை கறாரா இருக்கு. மழை நல்லா பெஞ்ச வருஷங்கள்ல தளர்ந்து போகுது. அதாவது வரிசைங்கிறது யானையோட திமிர் கிடையாது. இருக்கிறதை எப்படிப் பங்கு போட்டுக்கிறதுங்கிறதுக்கான ஏற்பாடு. நம்ம தெருக்குழாய்ல குடம் வரிசை போடுறதும் கோடையிலதானே?

மதம்: ஒரு தற்காலிகப் பதவி

இப்போ இந்த வரிசையைத் தலைகீழாக்குற சமாச்சாரம். மதம். ('யானைக்கு மதம் பிடிச்சா, மனுஷனுக்கு மதம் பிடிச்சா'ன்னு ஆரம்பிக்கிற சிலேடையை நான் தொடப்போறதில்லை. பட்டிமன்றத்துக்கே விட்டுடுவோம்.)

கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல, பழைய தமிழ்ல கவுள்னு சொல்ற இடத்துல, ஒரு சுரப்பி இருக்கு. வளர்ந்த ஆணுக்கு வருஷத்துல ஒரு காலம் அது வீங்கி மதநீர் ஒழுகும். சிறுநீர் சொட்டிக்கிட்டே இருக்கும். டெஸ்டோஸ்டிரோன் சாதாரண நாளைவிடப் பல மடங்கு ஏறும். நடையே மாறிடும்.

இதை நாம பெரும்பாலும் பார்த்திருக்கிறது சங்கிலியில கட்டிப்போட்ட யானைகிட்ட. நம்ம தமிழ்நாட்டுக் கோயில்கள்ல பெரும்பாலும் பெண் யானையே வச்சிருக்கிறதுக்குப் பெரிய காரணமே இந்தத் தொல்லைதான். கட்டிப்போட்ட இடத்துல பார்க்கிறதால மதம்னா பைத்தியம், வியாதின்னு ஒரு எண்ணம் ஊறிப்போச்சு. காட்டுல அது அப்படியில்ல. அங்க அது ஒரு அறிவிப்பு.

ஆப்பிரிக்க யானைக்கும் மதம் பிடிக்கும்னு உறுதியா எழுதினது ஜாய்ஸ் பூலும் சிந்தியா மாஸும். 1981-ல நேச்சர் இதழ்ல வந்துச்சு. கென்யாவுல அம்போசெலியில பார்த்தது. பூல் தொடர்ந்து கவனிச்சதுல முக்கியமானது இது: மதத்துல இருக்கிற ஆண், தன்னைவிடப் பெரிய, மதத்துல இல்லாத ஆணையும் ஒதுங்க வச்சிடும். நேத்து வரைக்கும் வழிவிட்டவன் இன்னைக்கு வழி வாங்குறான். பெரியவனும் 'சரிப்பா, இது உன் நேரம்'னு நகர்ந்து போறான்.

அதனால ரொம்ப சண்டை வரும்னு நினைப்பீங்க. வராது. எதிராளிக்கு வாசனையிலயே விஷயம் தெரிஞ்சுடுது. எல்லாருக்கும் ஒரே நேரத்துல மதம் பிடிக்கிறதும் இல்ல. ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு காலம். வயசான ஆணுக்கு ரெண்டு மூணு மாசம் நீடிக்கும். இளசுகளுக்குச் சில நாள், சில வாரம். அந்த நேரத்துல தீனி குறைஞ்சு, நடை கூடி, உடம்பு இளைக்கும். நிரந்தரமா அந்தப் பதவியில உட்கார உடம்பே அனுமதிக்காது. (நம்ம அரசியல் சாசனத்துல இப்படி ஒரு ஷரத்து இருந்திருக்கலாம்.) இளசு ஒண்ணு மதத்துல திரியும்போது எதிர்ல மூத்த மதயானை வந்துட்டா, இளசுக்கு மதநீர் வத்திப்போறதையும் பார்த்திருக்காங்க.

நம்ம ஆசிய யானைக்கு வருவோம். இங்க ஒரு கூடுதல் சுவாரஸ்யம், தந்தம். தென்னிந்தியாவுல பெரும்பாலான ஆணுக்குத் தந்தம் உண்டு. இலங்கையில மிகப் பெரும்பாலானதுக்குக் கிடையாது. அசாம் பக்கம் தந்தமுள்ளதும் இல்லாததும் கலந்து இருக்கும். தந்தமில்லாத ஆணைத்தான் மக்னான்னு சொல்றோம். தந்தம் ஆயுதம்னா, மக்னா எப்பவும் தோக்கணுமே? கற்பகம் செல்லையாவும் ராமன் சுகுமாரும் காசிரங்காவுல இதைப் பார்த்து 2013-ல எழுதினாங்க. யார் யாருக்கு அடங்குறாங்கங்கிறதைத் தீர்மானிக்கிறதுல முதலிடம் மதத்துக்கு. அடுத்தது உடம்பு அளவு. தந்தம் அதுக்கும் பின்னாடிதான். மதத்துல இருக்கிற மக்னா முன்னாடி, மதமில்லாத பெரிய கொம்பனும் ஒதுங்குறான்.

தந்தத்துக்காகத்தான் நாம அத்தனை யானையைச் சுட்டுத் தள்ளினோம். அந்த யானைக்கே அது மூணாவது விஷயம்தான்னு படிச்சப்போ கொஞ்ச நேரம் ஒரு மாதிரியா இருந்துச்சு.

மதநீர்ல இன்னொரு சேதி. மதநீரை வண்டு மொய்க்குதுன்னு நம்ம பழைய பாட்டுகள்ல வரும். புலவர் கற்பனைன்னு தள்ளிடாதீங்க. 2002-ல நேச்சர்ல வந்த ஒரு கட்டுரை: இளம் ஆண் யானையோட மதநீர்ல தேன் மாதிரி இனிப்பு வாசனை. மூப்பு ஏற ஏற அது நெடியடிக்கிற வேற வாசனையா மாறுது. 'நான் இன்னும் பொடியன்தான், என்னைப் போட்டியாளனா கணக்குல எடுக்காதீங்கண்ணே'ன்னு இளசு பெரியவனுக்குச் சொல்ற சேதி அந்தத் தேன் வாசனை. அந்தக் கட்டுரையை எழுதின மூணு பேர்ல ஒருத்தர் வி.கிருஷ்ணமூர்த்தி. நம்ம முதுமலை டாக்டர் கே. ஜெயமோகனோட 'யானை டாக்டர்' கதை படிச்சவங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதே 2002-லதான் அவர் மறைஞ்சதும்.

ஆக, இந்த ஊர்ல இளசுக்கு ஒரு இடம் இருக்கு. அதுக்குக் காத்திருக்கத் தெரியும். கடைசியில குட்டிக் கணக்குப் பார்த்தா, அம்போசெலியில மரபணுச் சோதனை சொன்னதும் அதுதான்: குட்டிகள்ல பெரும்பங்குக்குத் தகப்பன் மதத்துல இருந்த மூத்த ஆண்கள். இளசுகளுக்குக் கொஞ்சம் கிடைக்கும், முழுக்கப் பட்டினி இல்ல. ஆனா முக்கியமான அறுவடை நாப்பதைத் தாண்டினவங்களுக்கு. அது வரைக்கும் வாழ்க்கைன்னா வளர்றது, கத்துக்கிறது, ஒதுங்குறது.

பெரியவன் இல்லாத வீடு

அந்தப் பெரியவங்களை எடுத்துட்டா என்ன ஆகும்? இதைத் தெரிஞ்சு யாரும் சோதனை பண்ணல. தெரியாம பண்ணினது ஒண்ணு உண்டு.

தென்னாப்பிரிக்காவுல பிலானஸ்பெர்க்னு ஒரு பூங்கா. 1980-கள்ல குரூகர் பூங்காவுல யானை எண்ணிக்கை அதிகம்னு சுட்டுக் குறைச்சாங்க. மிஞ்சின குட்டிகளைக் கொண்டுவந்து இங்க விட்டாங்க. பெரிய யானையைத் தூக்கிட்டு வர்ற வசதி அப்போ கிடையாது. அதனால குட்டிகள் மட்டும். பெரியவங்க யாரும் இல்லாம அதுங்க வளர்ந்துச்சு.

1992-லிருந்து 1997-க்குள்ள அந்தப் பூங்காவுல 40-க்கும் மேல வெள்ளைக் காண்டாமிருகங்கள் செத்துக் கிடந்துச்சு. வேட்டைக்காரன் வேலையில்லை, கொம்பு அப்படியே இருந்துச்சு. கொன்னது இந்த இளம் ஆண் யானைகள். வழக்கமா 25, 30 வயசுல தலைகாட்டுற மதம் இதுங்களுக்கு 18 வயசுலயே பிடிச்சு, மாசக்கணக்குல நீடிச்சுச்சு. 'போதும்டா தம்பி, ஒதுங்கு'ன்னு சொல்ல யாரும் இல்ல.

சில யானைகளைச் சுட்டும் பார்த்தாங்க. அப்புறம் 1998-ல குரூகர்லயிருந்து ஆறு மூத்த ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டாங்க. இளசுகளோட மதகாலம் சட்டுனு சுருங்கிச்சு. காண்டாமிருகக் கொலையும் நின்னுச்சு. ராப் ஸ்லோட்டோவ் குழு 2000-ல இதை நேச்சர்ல எழுதினாங்க.

அந்த ஆறு பேரும் லத்தி எடுத்துக்கிட்டு ரோந்து போகல. சும்மா இருந்தாங்க. அவ்வளவுதான். அவங்க வாசனை காத்துல இருந்துச்சு.

இந்த இடத்துல ஒரு சின்னக் கிளைக்கதை. 'ஆல்ஃபா ஆண்'னு ஒரு வார்த்தை இப்போ ரொம்பப் புழங்குது. அடிக்கிறவன், அடக்குறவன், கேட்டா 'இயற்கை அப்படித்தான் பாஸ்'னு சொல்றவன். அந்த வார்த்தை பிரபலமானது ஓநாய்களை வச்சு. 1947-ல ருடால்ஃப் ஷெங்கல் எழுதினது, வெவ்வேற இடத்துலயிருந்து கொண்டுவந்து அடைச்சு வச்ச ஓநாய்களைப் பார்த்து. அதை டேவிட் மெக் 1970-ல தன்னோட ஓநாய்ப் புத்தகத்துல பரப்பினார். அப்புறம் அவரே காட்டுல பல வருஷம் பார்த்துட்டு, 1999-ல கட்டுரையே எழுதிட்டார்: காட்டு ஓநாய்க் கூட்டம்னா பெரும்பாலும் ஒரு அப்பா, ஒரு அம்மா, அவங்க பிள்ளைங்க. தலைவன்னு தெரியறவன் அடிச்சு ஜெயிச்சு வந்தவன் இல்ல, அப்பன். அந்தப் பழைய புத்தகத்தை அச்சடிக்கிறதை நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருந்தார், 2022-ல நின்னுச்சு.

கூண்டுக்குள்ள பார்த்து காட்டைப் பத்தி முடிவு பண்ணினா இதுதான் கதி. ஓநாய்க்குக் கூண்டு, நம்ம யானைக்குச் சங்கிலி.

நம்ம காட்டுக்கு வருவோம்

ஆசிய யானைகள்ல ஆணுக்கு மட்டும்தான் பெரிய தந்தம். அதனால வேட்டைக்காரன் துப்பாக்கி தேடினதும் ஆணை, அதுலயும் பெரிய தந்தமுள்ள மூத்த ஆணை. 1970-கள்லயிருந்து நடந்த தந்த வேட்டையில பெரியாறு காட்டுல நூறு பெண் யானைக்கு ஒரு வளர்ந்த ஆண்ங்கிற அளவுக்குப் போயிடுச்சு. அந்தக் காலத்துல பிறந்த ஆண் குட்டிகள் யாரைப் பார்த்து வளர்ந்திருக்கும், சொல்லுங்க.

இன்னொரு பக்கம் காடு துண்டுதுண்டாச்சு. நிஷாந்த் சீனிவாசய்யா குழுவினர் ஓசூர், பன்னேர்கட்டா, தும்கூர்ப் பகுதிகளை உள்ளடக்கின நிலப்பரப்புல 248 ஆண் யானைகளைப் போட்டோவால அடையாளம் வச்சுக் கவனிச்சு 2019-ல எழுதினாங்க. இளம் ஆண்கள் காட்டுக்குள்ள இருக்கிறதைவிட, மனுஷங்க நடமாட்டமும் பயிரும் உள்ள இடங்கள்ல நீண்டகாலக் கூட்டா சேர்ந்து திரியுதுங்க. ஆபத்தான இடத்துல கூட்டாளி தேவைப்படுது. 'ஒற்றை'யாம்!

இப்போ லாரிக்கு வருவோம். 2018 டிசம்பர்ல கோவை தடாகம் பக்கத்துலயிருந்து விநாயகனைப் பிடிச்சு முதுமலைக்குக் கொண்டுபோனாங்க. அடுத்த மாசம், 2019 ஜனவரியில, அதே பகுதியில திரிஞ்ச சின்னத்தம்பியைப் பிடிச்சு டாப்சிலிப் பக்கம் விட்டாங்க. அது நடந்தே உடுமலை வரைக்கும் வந்துடுச்சு. பிப்ரவரியில திரும்பப் பிடிச்சு கூண்டுல அடைச்சாங்க. 2023 ஏப்ரல்ல சின்னக்கானல்ல அரிக்கொம்பனைப் பிடிச்சு பெரியாறு காட்டுல விட்டாங்க. மே மாசம் கம்பம் ஊருக்குள்ளயே வந்து நின்னுச்சு. ஜூன்ல நம்ம வனத்துறை பிடிச்சு களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோச்சு.

இது தமிழ்நாடு, கேரளா சமாச்சாரம் மட்டும் இல்ல. இலங்கையில பிரித்திவிராஜ் பெர்னாண்டோ குழுவினர் இடம் மாத்தின 12 ஆண் யானைகளுக்குக் கழுத்துல ஜிபிஎஸ் பட்டை மாட்டி, 16 இடமாற்றங்களைக் கவனிச்சு 2012-ல எழுதினாங்க. சிலது பிடிச்ச இடத்துக்கே திரும்பிடுச்சு. சிலது எங்கெங்கயோ அலைஞ்சுச்சு. சிலதுதான் விட்ட பக்கத்துல தங்குச்சு. பிரச்சினை தீரல, பரவிச்சு. யானைச் சாவும் கூடிச்சு.

ஏன்னு யோசிச்சா, இதுவரைக்கும் பேசின வரிசை ஞாபகம் வரணும். கொண்டுபோய் விடுற காடு காலி மனை இல்ல. அங்க ஏற்கனவே ஒரு ஊர் இருக்கு. எந்தக் குட்டையில யார் முதல்ல, யார் மதத்துல இருக்கான், யாரைப் பார்த்தா ஒதுங்கணும் எல்லாம் அங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும். புதுசா வந்தவனுக்கு எதுவும் தெரியாது. சொந்தக் காட்டுல சம்பாதிச்ச இடத்தை லாரியில ஏத்திக்கிட்டு வர முடியாது. விட்டுட்டு வந்த காட்டுல இருக்கிற இளசுகளுக்கு ஒரு அண்ணன் குறைஞ்சாச்சு.

'உன் தோட்டத்துல வந்தா தெரியும்'

இந்தப் பின்னூட்டம் வரும்னு தெரியும். நியாயமான கேள்வி, அதனால நானே எடுத்துக்கிறேன்.

இந்தியாவுல யானையால வருஷத்துக்குச் சுமார் 500 பேர் சாகுறாங்க. செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க ஏழை விவசாயிகள், தோட்டத் தொழிலாளிகள், பழங்குடிகள். ராத்திரி முழுக்கக் காவல் இருந்து வளர்த்த வாழை ஒரே ராத்திரியில போனா, அந்த ஆள்கிட்ட போய் 'யானைக்கும் ஒரு சமூகம் உண்டு சார்'னு வகுப்பெடுக்க எனக்கு மனசு வராது. சில நேரம் பிடிச்சே ஆகணும்ங்கிற நிலைமையும் வரும். அதை மறுக்கல.

நான் கேட்கிறது வேற. பிடிக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணும்போது என்னென்ன கேட்கிறோம்? எத்தனை பேரைக் கொன்னுச்சு, எத்தனை ஏக்கர் போச்சு, எத்தனை பேர் மறியல் பண்றாங்க. சரி. கூடவே இதையும் கேட்கணும்னு சொல்றேன்: அதுக்கு வயசு என்ன? யார் கூடத் திரியுது? இப்போ மதத்துலயா இருக்கு? அப்படின்னா அது தானா அடங்குற காலம் எப்போ? அது போயிட்டா அந்த இடத்துக்கு யார் வருவான்? முப்பதைத் தாண்டின நிதானமான ஆணைத் தூக்கிட்டா, அதுக்குப் பின்னாடி நிக்கிற மூணு பதினெட்டு வயசுப் பசங்களும் நம்ம வாழைத்தோப்புக்குத்தான் வருவாங்க.

பிலானஸ்பெர்க்ல நடந்ததை அப்படியே எடுத்து வால்பாறையில ஒட்ட முடியாதுதான். ஆப்பிரிக்க யானை வேற இனம், அந்தப் பூங்கா வேலி போட்ட பூங்கா. ஆனா ரெண்டு யானைக்கும் மதம் உண்டு, ரெண்டுக்கும் வரிசை உண்டு, ரெண்டுலயும் இளசு பெரியவனுக்கு வழிவிடுது. போட்ஸ்வானாவுல மக்காடிக்காடி பூங்காவுல கானி ஆலன் குழுவினர் பார்த்ததும் இதே ரகம்தான்: மூத்த ஆண்கள் கூட இல்லாதப்போ இளசுகள் வண்டிகள் மேலயும் மத்த விலங்குகள் மேலயும் அதிகமா பாயுதுங்க. 2021-ல வந்த ஆய்வு. இத்தனை தெரிஞ்ச பிறகும், ஆண் யானையை ஒரு தலை, ரெண்டு தலைன்னு எண்ணி லாரியில ஏத்துறது நமக்கே ஆபத்து.

'பெரிய யானைதான் பெரிய ஆபத்து'ன்னு நமக்கு ஒரு கணக்கு. காட்டோட கணக்கு கிட்டத்தட்ட அதுக்கு நேர்மாறு. பெரியவன் இருக்கிற வரைக்கும்தான் சின்னவங்களுக்கு ஒரு அளவு இருக்கு.

அடுத்த தடவை 'ஒற்றை யானை'ன்னு செய்தி வந்தா, அதுல அந்த யானையோட வயசு போட்டிருக்கான்னு மட்டும் பாருங்க. மனுஷன் விபத்துல மாட்டினாக்கூட பேருக்குப் பக்கத்துல அடைப்புக்குறியில வயசு போடுற பத்திரிகைகள், யானைக்கு ஏன் போடக்கூடாது? வயசு கேட்டாலே பாதிக் கேள்வி கேட்ட மாதிரி.

கூடலூர், வால்பாறை, தாளவாடி, ஓசூர்ப் பக்கம் இருக்கிற பதிவர்கள் யாராவது இதைப் படிச்சா, உங்க ஊர்ப் பெரியவங்க ஆண் யானைகளை எப்படி அடையாளம் வச்சுச் சொல்றாங்க, எது எது கூடத் திரியுதுன்னு பின்னூட்டத்துல எழுதுங்களேன். திட்டணும்னாலும் வாங்க, வாழைக்கணக்கோட வாங்க.

டிஸ்கி: இவ்வளவு தூரம் படிச்சவங்களுக்கு ஒரு கும்பிடு. தும்பிக்கை இல்லாததால கையாலதான் :-)